பள்ளியெழுச்சி பாதியில் நின்ற காலை

மல்லேஸ்வரத்துக் கோயிலில் விடியலில் பள்ளியெழுச்சி பாடும் பணி பல்லாண்டுகளாக என்னுடையது. நான் பாடி முடித்த பின்னரே கருவறைக் கதவு திறக்கும். இறைவனை எழுப்புவது இனிய செயல் என்பதில் எனக்கு ஐயம் எழுந்ததே இல்லை.

ஒரு மாலை, வானியல் ஆய்வு செய்யும் என் மகள் கணினித் திரையைக் காட்டினாள். விண்மீன் மண்டலங்கள் திரண்ட பெருங்கூட்டம் ஒன்று. அதன் நடுவே இரண்டு சிறு ஒளிப்புள்ளிகள்.

“நடுவுல ஒரு கருந்துளை தூங்கிட்டிருந்ததுப்பா. சுத்தியிருந்த சூடான வாயு ஆறி உள்ள விழுந்து எழுப்பிடுச்சு. வானத்துக் கணக்குல நேத்துதான் முழிச்சிருக்கு. ரேடியோ அலையில கத்துது.”

“எழுந்து என்னம்மா செய்யும்?”

“ரெண்டு பக்கமும் ஊதும், அந்த ரெண்டு புள்ளி அதுதான். ஆறுற வாயு மறுபடி கொதிக்கும். அங்க பிறக்கவேண்டிய நட்சத்திரம் பிறக்காது.”

மறுநாள் மூடிய கதவின் முன் நின்று பாடத் தொடங்கினேன். கதவிடுக்கிலிருந்து வெப்பமான மூச்சொன்று முகத்தில் பட்டது. இரவெல்லாம் எரிந்த விளக்குகளின் அனல்தான், அறிவேன். ஆயினும் உள்ளே ஏதோ விழித்தபடி கேட்டுக்கொண்டிருப்பதாகத் தோன்றியது. பாட்டு பாதியில் நின்றது. பாடாவிட்டால் கதவு திறவாது, அடியார்கள் காத்திருந்தனர்.

“என்ன சாமி, நிறுத்திட்டீங்க? பால் ஆறுது, பேகா, சீக்கிரம் பாடுங்க” என்றார் அர்ச்சகர். “நீங்களே தூங்கிட்டா அவரை யாரு எழுப்புறது?”

பின்னால் சிலர் சிரித்தனர். எஞ்சியதைத் தாழ்ந்த குரலில் பாடி முடித்தேன். கதவு திறந்தது, அனல் மார்பில் மோதியது.

இன்றும் நாள்தோறும் பாடுகிறேன். யாரை எழுப்புகிறேன் என்று எண்ணாமலே இத்தனை காலம் பாடியிருக்கிறேன். இப்போது கடைசி அடியில் குரல் தானாகத் தணிகிறது. கதவு திறக்கையில் ஓரடி பின்வாங்கிய பிறகே கைகூப்புகிறேன்.