நாலு டயர் வாங்கப் போன நாள்

கல்யாணமான மறு வருஷம் செகண்ட் ஹேண்டில் ஒரு கார் வாங்கினேன். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே வாடகைக்கு நிற்கும் ஐந்தாறு வண்டிகளில் அதுவும் ஒன்று. எங்கள் பக்கத்தில் வாடகைக் காரைப் பிளசர் என்பார்கள். ஓட்டுவது நான், கழுவுவது என் மனைவி. கழனி வேலை இல்லாத நாட்களில், மாட்டைக் குளிப்பாட்டுவது போல வண்டியின் அடிப்பக்கம் வரை கைவிட்டுத் தேய்ப்பாள்.

அப்படி ஒரு நாள் முன்சக்கரத்தின் பக்கத்தில் குந்தியவள் எழுந்திருக்கவே இல்லை.

"ஏங்க, இங்க வாங்க. இதுல இருந்த கோடெல்லாம் எங்க போச்சி?"

"ஓடுனா தேயத்தான் தேயும்."

"செருப்பு தேஞ்சா உங்க ஒருத்தர் காலுதான் வழுக்கும். இதுல எத்தினி பேரு குந்திக்கினு வராங்க?"

புது டயர் நாலும் வாங்க வசதியில்லை. தேய்ந்த டயரின் மேல் புது ரப்பர் ஒட்டி விற்கும் ரீட்ரேடு டயர் பாதி விலைக்குக் கிடைக்கும். அதிலேயே நாலு வாங்கிப் போட்டுவிடலாம் என்று எண்ணினேன். உளுந்தூர்பேட்டையில் லாரிக்காரர்கள் போகும் கடை ஒன்று இருந்தது. நானும் வருகிறேன் என்றாள். டயர் கடைக்கெல்லாம் பொம்பளைகள் வரமாட்டார்கள் என்று சொல்லிப் பார்த்தேன். அதற்குள் உள்ளே போய்ப் புடவை மாற்றிக்கொண்டு வந்துவிட்டாள். கல்யாணப் புடவை. அப்போதுதான் உறைத்தது, ஒரு வருஷமாக வண்டியைக் கழுவிக்கொண்டிருப்பவளை ஒரு தடவைகூட அதில் உட்கார வைத்து நான் எங்கேயும் கூட்டிப்போனதில்லை.

கடைக்காரருக்கு என் வயதுதான் இருக்கும். நான் ரீட்ரேடு என்றதும் அவர் டயரை எடுக்காமல் என் வண்டியைச் சுற்றி வந்தார். பின்சக்கரங்கள் பரவாயில்லை, இன்னும் ஒரு வருஷம் ஓடும் என்றார். முன்சக்கரத்தைத் தடவியவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"எங்க ஓட்டறீங்க?"

"லோக்கல்தான். மலைக்கும் போவேன். வெள்ளிமலை."

"இந்த மொட்டை டயர வச்சிக்கினா? எத்தினி மாசமா?"

மனைவி பக்கத்திலேயே நின்றாள். பொய் சொல்ல வாய் வரவில்லை. "ரெண்டு மாசமா வளைவுல இழுக்குது" என்றேன். வளைவுகளில் வண்டி நழுவுவதை அவளிடம் நான் சொன்னதே இல்லை. சொன்னால் மலைச் சவாரிக்கு விடமாட்டாள் என்ற பயம். அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"மலை ஏறி இறங்கற வண்டிக்கு நான் ரீட்ரேடு குடுக்க மாட்டங்க" என்றார் கடைக்காரர். "நல்லா ஒட்டுனதும் இருக்குது, இல்லேங்கல. ஆனா அடியில இருக்கற பழைய டயரு எவ்ளோ அடி பட்டுதுன்னு எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது."

விலை கம்மியாக ஒரு புது டயரைக் காட்டினார். எனக்குக் கண் விரிந்தது. அவள் குனிந்து அதன் பக்கவாட்டைக் கட்டைவிரலால் அழுத்தினாள். அழுத்திய இடத்தில் காய்ந்த ஏரி மண் போலப் பொடிப்பொடியாக வெடிப்பு தெரிந்தது.

"இது எத்தினி நாளா இங்க கெடக்குது?"

கடைக்காரர் சிரித்துவிட்டார். "ரொம்ப நாளாச்சிம்மா. வெயில்ல கெடந்துச்சி. அதான் கம்மி."

கடைசியில், ஜாஸ்தி விலையும் இல்லாத, இருப்பதில் கம்மியும் இல்லாத ஒரு ஜோடியை எடுத்தோம். ஒரே அளவு, ஒரே கம்பெனி, அப்போதுதான் வந்த சரக்கு. நாலு ரீட்ரேடுக்கு வைத்திருந்த பணம் அந்த இரண்டுக்குச் சரியாக இருந்தது. முன்னால் மாட்டிக் காற்று பிடித்தோம். வாரம் ஒரு முறை காற்று பார்க்கச் சொன்னார். நாலும் பளபளவென்று திரும்ப வரும் என்று ஆசைப்பட்டிருந்த எனக்கு முகம் வாடித்தான் போயிற்று. வரும்போது அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அது டயருக்காக இல்லை, மறைத்ததற்காக என்று எனக்குத் தெரியும்.

இடஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கமெல்லாம் போராட்டம் நடந்த வருஷம் அது. அடுத்த வாரமே சாலை மறியல். மரங்களை வெட்டி ரோட்டில் போட்டுவிட்டார்கள், பஸ் நின்றுபோனது. மறியலில் இருந்தவர்களில் என் சொந்தக்காரர்களும் உண்டு. அவர்கள் கேட்டது நியாயம் என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் இரண்டாம் நாள் காலையில் ஸ்டாண்டுக்கு ஒரு மலைக்காரர் வந்து நின்றார். துண்டில் சுற்றிய கைக்குழந்தை. பின்னால் பச்சை உடம்போடு அவர் மனைவி. பிரசவம் முடிந்து ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், மலைக்கு மேலே போக பஸ் இல்லை.

வண்டியை வீட்டுப் பக்கம் திருப்பி, மலைக்குப் போவதை என் மனைவியிடம் சொன்னேன். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தவள், "தனியா பயப்படுவா" என்று பின்சீட்டில் ஏறிக்கொண்டாள்.

வடக்கனந்தல் பக்கம் ஒரு புளியமரம் குறுக்கே கிடந்தது. பத்து இருபது பேர் வண்டியைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவர் ஜன்னலில் தலையை விட்டுக் குழந்தையைப் பார்த்தார். "எத்தினி நாளு புள்ள?" நாலு நாள் என்றதும் அவரே கிளையைப் பிடித்தார், மற்றவர்களும் சேர்ந்து ஒரு வண்டி போக இடம் விட்டார்கள்.

மலை ஏறத் தொடங்கியதும் மழை பிடித்துக்கொண்டது. நாலைந்து வளைவு தாண்டியிருப்போம். ஒரு திருப்பத்தில் மேட்டு மண் சரிந்து பாதி ரோட்டை மூடிக் கிடந்தது. இந்தப் பக்கம் பள்ளம். பிரேக்கை மிதித்தேன். முந்தின வாரம் என்றால் வண்டி எங்கே போயிருக்குமோ. முன்சக்கரங்கள் ரோட்டைக் கவ்வின. பின்பக்கம் லேசாக ஆடி அடங்கியது. மண் குவியலுக்கு ஒரு முழம் முன்னால் நின்றோம்.

"ஏண்ணா நிறுத்திட்ட?" என்றார் அந்த மலைக்காரர். அவர் குழந்தையையே பார்த்துக்கொண்டு வந்திருக்கிறார். குழந்தை தூக்கம் கலையவில்லை.

நான் மண் குவியலைக் கை காட்டினேன். பின்னாலிருந்து ஒரு கை வந்து என் தோளில் அழுந்தியது. ஒரு வாரமாக மனதில் வைத்திருந்ததை அவள் அப்போதுதான் சொன்னாள்.

"இனிமே எதுவா இருந்தாலும் எங்கிட்ட சொல்லிடுங்க. நல்லதோ கெட்டதோ."

"சொல்றேன்."

நானும் அவரும் இறங்கி, மழையில் நனைந்துகொண்டே கல்லையும் மண்ணையும் ஒதுக்கினோம். ரோடு முடிகிற இடத்திலிருந்து அவர்கள் ஊருக்கு நடைதான். என் மனைவி குழந்தையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு அவர்களோடு போய் வீடு சேர்த்துவிட்டு வந்தாள். அவர்கள் கொடுத்ததாக ஒரு துணி முடிச்சில் சாமை அரிசி கொண்டுவந்தாள். முன்சீட்டில் உட்கார்ந்து காலைத் துடைத்துக்கொண்டவள், கீழே இறங்கும் வழியெல்லாம் குழந்தையைப் பற்றியே பேசினாள். கனமே இல்லையாம், பூனைக்குட்டி போல இருந்ததாம்.

மறுநாள் அந்தச் சாமையை வடித்து, கருவாட்டுக் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டோம்.

"பின்னாடியும் ரெண்டு மாத்தணும். நேத்து ஆடிச்சி" என்றேன்.

"மாத்தலாம். அது வரைக்கும் மழையில மலைக்கு வாணாம்" என்றவள், என் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். "அறுப்பு முடியட்டும். ரெண்டு பேருமே போயி பாத்து எடுப்போம்."