ஏழாம் பிரிவும் ஒரு தூக்குகுண்டும்

ஒப்பந்தத்தின் ஏழாம் பிரிவு இப்படிச் சொல்கிறது: "வேலை மூன்று நாட்களுக்கு மேல் நிறுத்தப்படுமாயின், அதற்கான காரணத்தை நான்காம் நாள் மாலைக்குள் ஒப்பந்ததாரர் எழுத்து மூலம் உரிமையாளருக்குத் தெரிவிக்க வேண்டும்."

இதில் குழப்பத்துக்கு இடமே இல்லை. எழுதியவன் நான். கள்ளக்குறிச்சியில் ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். காற்புள்ளி இடம் மாறிய கோப்பைக்கூடத் திருப்பி அனுப்பியவன். ஏழாம் பிரிவில் ஒப்பந்ததாரர் என்று மரியாதையாகக் குறிக்கப்படுபவர் வடக்கனந்தல் பக்கத்து மேஸ்திரி. இருபத்து மூன்று பிரிவுகள் கொண்ட அந்தப் பத்திரத்தில் அவர் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டார். ஒரு வரியைக்கூடப் படிக்கவில்லை.

"படிச்சுப் பாத்துட்டுப் போடுங்க மேஸ்திரி" என்றேன்.

"நீங்க எழுதி தப்பா இருக்குமா சார்?" என்றார்.

அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

வேலை பெரியதல்ல. சமையலறையின் பின்சுவரை ஒட்டி ஒரு குளியலறை, அதற்குள் வெஸ்டர்ன் டாய்லெட். எங்கள் வீட்டுப் பழைய கழிப்பறை தோட்டத்துக் கோடியில் இருக்கிறது. குந்தி உட்காரும் வகை. போக நான்கு படி இறங்க வேண்டும். என் மனைவிக்கு இரண்டு முட்டியிலும் அறுவை சிகிச்சை முடிந்தபோது, இனிமேல் குந்தக் கூடாது, படி ஏறி இறங்கக் கூடாது என்று சேலத்து டாக்டர் சொல்லிவிட்டார். மகள் வீடு சேலத்தில்தான். அங்கே லிஃப்ட் இருக்கிறது, வெஸ்டர்ன் டாய்லெட்டும் இருக்கிறது. குளியலறை முடிகிற வரை அங்கேயே இருப்பதாக ஏற்பாடு. "முடிஞ்சதும் போன் பண்ணுங்க, கார் எடுத்துக்கினு வந்துடறேன். முடியாம வா வான்னு கூப்பிடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பங்குனியில் பூசை போட்டார்கள். பத்தே நாளில் சுவர் லிண்டல் மட்டத்துக்கு வந்துவிட்டது. மேஸ்திரியைப் பற்றி நான்கு பேரிடம் நல்லவிதமாகச் சொன்னேன். அவசரப்பட்டுவிட்டேன். சித்திரை பிறந்த மறுநாள் மேஸ்திரி வரவில்லை. பெரியாள் வரவில்லை, சித்தாள் வரவில்லை. கலவை போட்ட சட்டி மட்டும் காய்ந்து கிடந்தது. நான்காம் நாள் மாலை வரை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன், எழுத்து மூலமான காரணத்தை எதிர்பார்த்து.

போன் செய்தால் ஐந்து முறைக்கு ஒருமுறை எடுப்பார். "மலைல கீறேன் சார். டவர் இல்ல சார்." டவர் இல்லாத இடத்திலிருந்து இவ்வளவு தெளிவாகப் பேசக்கூடிய ஒரே மனிதர் அவர்தான் என்று நினைக்கிறேன்.

ஆகவே முறைப்படி நடவடிக்கை எடுத்தேன். முதலில் ஒரு கடிதம். பிறகு முதல் நினைவூட்டு, இரண்டாம் நினைவூட்டு. அதன் பிறகு, "அன்புள்ள மேஸ்திரி அவர்களுக்கு" என்று தொடங்கும் நேர்முகக் கடிதம். எல்லாம் பதிவுத் தபால். ஒப்புகை அட்டைகள் ஒன்று விடாமல் திரும்பி வந்தன. அவற்றைத் துளையிட்டு நூல் கோத்துக் கோப்பில் சேர்த்தேன். கோப்பு நன்றாக வளர்ந்தது. சுவர் அதே உயரத்தில் நின்றது.

"எந்த மட்டுல இருக்குதுங்க?" என்று சேலத்திலிருந்து மனைவி கேட்பாள்.

"லிண்டல் மட்டத்துல."

"போன வாரமும் அதான் சொன்னீங்க."

"போன வாரத்து நிலையே தொடருது."

"ஆபீஸ்ல பேசற மாதிரி பேசாதீங்க" என்பாள். ஒருநாள் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்: "மாப்பிள்ளை வூட்ல எத்தினி மாசங்க இருக்கறது? அவரு ஒரு வார்த்த சொல்லல. சொல்லாததுதான் கஷ்டமா கீது."

அன்று மூன்றாம் நினைவூட்டைத் தயாரித்தேன். தபாலில் போடவில்லை. தியாகதுருகத்தில் ஒரு கொத்தனார் இருப்பதாகச் சொன்னார்கள். போய் அழைத்து வந்தேன். தோட்டத்துக்குள் நுழைந்தவர் சுவரைத் தட்டிப் பார்த்தார், செங்கல் நல்ல செங்கல் என்றார். அடுத்த நொடி ஏதோ பாம்பைப் பார்த்தவர்போல இரண்டடி பின்னால் வந்தார்.

"இன்னா சார், குண்டு தொங்குது?"

சுவரில் ஓர் ஆணி. ஆணியில் நூல். நூலில் மேஸ்திரியின் தூக்குகுண்டு. சுவர் நேராக எழும்புகிறதா என்று பார்க்கிற அந்த இரும்புக் குண்டு, மூன்று மாதமாக அங்கேதான் காற்றில் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. நான் அதைக் கவனித்ததே இல்லை.

"அவரு குண்டு தொங்கறப்ப நான் கை வைக்க முடியாது சார். அவரு வந்து கழட்டிக்கினு போவட்டும். அப்பால கூப்பிடுங்க, ஓடியாறேன்."

"நானே கழட்டிடறேன்."

"ஐயோ, வேணாம் சார். அது அவரு பொருளு. நீங்க கழட்டினா திருடின மாதிரி. நான் வேலை செஞ்சா வூடு பூந்த மாதிரி. எங்க ஆளுங்க மத்தியில நாளைக்கு நான் தலை காட்ட முடியாது."

சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்த ஏற்பாடு எனக்குப் பிடித்துப் போயிற்று. பொறுப்பை முறைப்படி ஒப்படைக்காமல் ஒருவர் நாற்காலியில் இன்னொருவர் உட்காரக் கூடாது என்று பணிக்காலம் முழுக்க வற்புறுத்தியவன் நான். என் இருபத்து மூன்று பிரிவுகளால் மேஸ்திரியை ஒருநாள்கூடக் கட்டிப்போட முடியவில்லை. அவருடைய கால் கிலோ இரும்பு என்னை மூன்று மாதம் கட்டிப்போட்டிருந்தது.

ஆடி பிறந்ததும் வடக்கனந்தலில் அவர் வீட்டுக்கே போனேன். அவர் மனைவி மோர் கொடுத்து உட்கார வைத்தார்.

"உங்க லட்டர் எல்லாம் பத்திரமா கீதுங்க" என்று சாமி படத்துக்குப் பின்னாலிருந்து ஒரு கடிதக் கட்டை எடுத்துக் காட்டினார். ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. முதல் உறையில் குங்குமம் வேறு பட்டிருந்தது. "கவருமெண்டு கவர் மாதிரி இருந்துதா, அவரு பயந்துக்கினு பிரிக்கவே இல்லீங்க."

"அதுல என் பேரு போட்டிருக்குதேம்மா."

"அதான் இன்னும் பயம்" என்றார்.

மேஸ்திரி மலையில்தான் இருக்கிறார், வெள்ளிமலை போகிற வழியில் ஒரு வீட்டு வேலை என்று இடத்தைச் சொன்னார். மறுநாள் காலை கச்சிராயபாளையம் வழியாக மலைக்குப் போகிற பஸ்ஸில் ஏறினேன். வளைவுக்கு வளைவு என் மோர்க்குழம்பு எழும்பி எழும்பி அடங்கியது. மனைவி சேலத்துக்குப் போன நாளிலிருந்து நானே வைக்கும் மோர்க்குழம்பு. அதைப் பற்றி மேலும் சொல்ல விரும்பவில்லை.

சொன்ன இடத்தில் ஒரு வீடு இருந்தது. சுவர் லிண்டல் மட்டம். ஆணியில் ஒரு தூக்குகுண்டு. அதன் கீழே மரவள்ளிக் கிழங்கு சீவிக்கொண்டு ஓர் அம்மாள்.

"மேஸ்திரியா? அவரு இங்க ஏதுங்க ஐயா" என்றார். "கள்ளக்குறிச்சில ஒரு ஆபீசரு வூட்டு வேலையாம். அந்த ஆளு விடமாட்றானாம். லட்டர் மேல லட்டர் போட்டு உசுர எடுக்கறானாம். மழைக்கு முன்ன கூரை போடணும்னு நானும் சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுப் போச்சு. அந்த ஆபீசரு நல்லா இருப்பானா?"

நல்லா இருக்கவில்லை என்று சொல்லி, நான் யார் என்பதையும் சொன்னேன். கத்தி நின்றது. என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு இடுப்பிலிருந்து போனை எடுத்து எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டார். முதல் மணியிலேயே எடுத்தார் மேஸ்திரி. எனக்கு அந்தப் பாக்கியம் கிடைத்ததில்லை.

"எங்க மேஸ்திரி கீற?"

"கள்ளக்குறிச்சிலதாம்மா. ஆபீசரு வூட்ல. பக்கத்துலயே நிக்கிறாரு, பேச முடியாது, வச்சிடறேன்."

அம்மாள் போனை என்னிடம் நீட்டினார்.

"ஆபீசர்தான் பேசறேன்" என்றேன்.

அந்தப் பக்கம் கரண்டி கீழே விழுந்த சத்தம். பிறகு, "சார்... டவர் சரியா இல்ல சார்."

"மேஸ்திரி."

"அங்கியே இருங்க சார். தோ வந்துட்டேன்."

அரை மணியில் வந்துவிட்டார், அடுத்த ஊரில் மூன்றாவதாக ஒரு வேலையிலிருந்து. அங்கும் ஒரு குண்டு தொங்குகிறதா என்று நான் கேட்கவில்லை.

எங்கள் இருவரையும் ஒருசேரப் பார்த்த பிறகும் அந்த மனிதர் அசரவில்லை. "நல்லதாப் போச்சு, ரெண்டு பேரும் இருக்கீங்க" என்று கூட்டம் கூட்டியவர்போல உட்கார்ந்தார்.

"நாளைக்குக் கீழ வந்து வேலைய ஆரம்பிக்கணும்" என்றேன்.

"ஆடி மாசம் சார். ஆடில ஆரம்பிக்கக் கூடாது."

"ஆரம்பிச்சது பங்குனில."

"ஆமால்ல" என்று ஒத்துக்கொண்டார். பிறகு தலையைச் சொறிந்தார். "ஒண்ணு கேக்கலாமா சார்? அந்த ரூமு அம்மாவுக்குத்தான?"

"ஆமா."

"முட்டி ஆப்ரேசன் பண்ணிக்கினாங்களே, அந்த அம்மாவுக்கு?"

"வீட்ல ஒரே அம்மாதான் மேஸ்திரி. சொல்ல வந்ததைச் சொல்லுங்க."

"அப்ப இன்னாத்துக்கு சார் பிளான்ல ரெண்டு படி போட்டுக்கீறீங்க?"

சமையலறையை விடத் தோட்டம் தாழ்வு. அதனால் குளியலறைக்குள் இறங்க இரண்டு படி, ஒவ்வொன்றும் ஏழு அங்குலம். பதினொன்றாம் பிரிவு. அலுவலகத்துப் பழைய மாதிரி வரைபடம் ஒன்றைப் பார்த்து நானே ஸ்கேல் வைத்துப் போட்டது. சிமெண்ட் தரம், மணல் சலிக்கும் சல்லடை, கதவின் கீல், கீலின் திருகு வரை எழுதியிருந்தேன். எவளுக்காக அந்த அறையோ அவளால் அதற்குள் இறங்க முடியாது என்பதை மட்டும் இருபத்து மூன்று பிரிவுகளில் எதுவும் கவனிக்கவில்லை.

"இத ஏன் மேஸ்திரி முன்னாடியே சொல்லல?"

"சொல்லணும்னுதான் சார் இருந்தேன்."

"எப்ப?"

"வேலை முடிஞ்சதும்."

கிழங்கு சீவிய அம்மாள் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. எங்களில் யாரைப் பார்த்துச் சிரித்தார் என்று தெரியவில்லை. இருவரையும் என்றே வைத்துக்கொள்கிறேன்.

"மண்ணு கொட்டி மட்டம் தூக்கிடலாம் சார். மூணு நாள் வேலை" என்றார் மேஸ்திரி. "ஆனா எழுதிக் குடுங்க. அப்பால அக்ரிமெண்டு, அக்ரிமெண்டுன்னு நிப்பீங்க."

அந்த வீட்டு நாள்காட்டியில் கிழித்த தாளின் பின்புறம் எழுதினேன்: "குளியலறைத் தரை சமையலறைத் தரையோடு ஒரே மட்டமாக இருக்க வேண்டும். படி கூடாது." என் பணிக்காலத்தில் இவ்வளவு சின்ன ஆவணத்தை எழுதியதில்லை. மேஸ்திரி வாங்கி எழுத்துக் கூட்டி இரண்டு முறை படித்தார். அவர் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டதை அன்றுதான் பார்த்தேன்.

முதலில் மலையில் கூரை, பிறகு என் வேலை என்று அந்த அம்மாளும் நானும் முடிவு செய்தோம். மேஸ்திரியை யாரும் கேட்கவில்லை. அம்மாள் தினமும் போன் செய்து அவரை விரட்டினார். நான் எதுவும் எழுதவில்லை. ஆவணி முடிவதற்குள் குளியலறை நின்றது. மூன்று நாள் வேலை பதினேழு நாள் ஆயிற்று, கதவு கொஞ்சம் உராய்கிறது. கடைசி நாள் மேஸ்திரி ஆணியிலிருந்து குண்டைக் கழற்றி, நூலைச் சுற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார். நான் சேலத்துக்குப் போன் செய்தேன்.

"படி இருக்குதுங்களா?" என்பதுதான் அவள் முதல் கேள்வி.

"இல்ல" என்றேன். "நான் எழுதிக் குடுத்துட்டேன்." பதினொன்றாம் பிரிவைப் பற்றி இதுவரை சொல்லவில்லை.

அவள் வந்து சில வாரங்களுக்குப் பிறகு ஒரு காலை தபால்காரர் மணி அடித்தார். நான் சட்டை தேடுவதற்குள் அவளே கேட் வரை நடந்து போய் வாங்கி வந்தாள், எதையும் பிடிக்காமல். பதிவுத் தபால். உள்ளே கோடு போட்ட நோட்டுத் தாளில் பெரிய பெரிய எழுத்துகள்:

"ஐயா, தாங்கள் சித்திரையில் அனுப்பிய கடிதத்தை இன்றுதான் பிரித்துப் படித்தேன். வேலை நின்றதுக்குக் காரணம் மலையில் வேலை. நாளைக்கே வந்து ஆரம்பிக்கிறேன். மேஸ்திரி."

"இன்னாவாம்?" என்று புதுக் குளியலறைக்குள்ளிருந்து கேட்டாள்.

"ஏழாம் பிரிவின்படி பதில்" என்றேன். கோப்பை எடுத்து, கடிதத்தைத் துளையிட்டு, ஓரத்தில் வழக்கம்போலக் குறித்தேன்: வரப்பெற்ற நாள், புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை.