முப்பிடாதியும் பச்சைக் கதவும்

முப்பிடாதிக்கு எதையும் நேராகப் பார்க்கத் தெரியாது. தலையை இடப்பக்கம் சாய்த்து, ஒரு கண்ணைச் சுருக்கி, வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து விழுகிறது என்று பார்ப்பான். அப்புறம்தான் பொருளைப் பார்ப்பான். பிறவிக் குணமெல்லாம் இல்லை, சோறு போடுகிற குணம். இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் கார் பம்பருக்குப் பெயிண்ட் அடிக்கிற கம்பெனி ஒன்றில் நாலு வருஷமாக அவனுக்கு இதுதான் வேலை. டியூப் லைட் வரிசைக்குக் கீழே பம்பர் நகர்ந்து வரும். பெயிண்ட் வழிந்திருக்கிறதா, தூசி ஒட்டியிருக்கிறதா என்று சாய்ந்து பார்க்க வேண்டும். தூசி தெரிந்தால் துணியில் தின்னரைத் தொட்டு ஒரே இழுப்பு. ஷிப்டுக்கு நானூறு பம்பர். கை தானாகப் போகும், மூளையைக் கேட்டுக்கொண்டு நிற்காது.

ஆள் சங்கரன்கோவில் பக்கம். வயசு இருபத்தாறு. ஞாயிற்றுக்கிழமை கூட்டாளிகள் சினிமாவுக்குக் கிளம்பினால் இவன் ரெண்டு பஸ் மாறி மணிமங்கலம் போய்விடுவான். அங்கே சிவன் கோயில் கருவறையின் பின்பக்கம் யானை முதுகு மாதிரி வளைந்திருக்கும். அதைச் சுற்றிச் சுற்றி வருவான். "பம்பர் வளையுதுன்னா அச்சு இருக்கு. கல்லை எப்படில வளைச்சான்?" என்று திரும்பி வந்து கேட்பான். கூட இருந்த மாரிராஜ், "வளைச்சவன் செத்து ஆயிரம் வருசம் ஆச்சுல. நீ தண்ணி புடிச்சு வையி, நாளைக்கு மொதல் ஷிப்டு" என்பான். கோயிலை விட்டால் பழைய வீடு. எவன் வீட்டு வாசலிலாவது நின்று நிலைப்படியைத் தடவிக்கொண்டிருப்பான். திருடன் என்று ரெண்டு ஊரில் விரட்டியிருக்கிறார்கள். இவனுக்கா வெட்கம்? மறுவாரம் மூணாவது ஊருக்குப் போவான்.

வாடகைக்கு இருந்ததும் பழைய வீட்டில்தான். கம்பெனியிலிருந்து வல்லம் போகிற வழியில் ஒரு கிராமத்தில் ராஜாமணி என்கிற அம்மாளின் வீடு. புருஷன் இல்லை. மகளைக் கட்டிக் கொடுத்துவிட்டாள். முன்கூடத்தை நாலு கம்பெனிப் பையன்களுக்கு விட்டு, பின்கட்டில் தான் இருந்தாள். சுவரில் உள்ளங்கையை வைத்தால் ஜில்லென்று வழுக்கும். ஒரு அலை, ஒரு மேடு கிடையாது. முதல் நாளே முப்பிடாதி அதில் கன்னத்தை வைத்துப் பார்த்தான். 2004-இல் பக்கத்திலேயே டைல்ஸ் போட்ட புது ஹாஸ்டல் வந்தது. மற்ற மூணு பேரும் பெட்டியைக் கட்டினார்கள். இவன் மட்டும் அசையவில்லை, கதவு விடவில்லை.

முன்கூடத்துக்கும் பின்கட்டுக்கும் நடுவே இருந்த இரட்டைக் கதவு அது. பலகைக்கு நாலாக எட்டுச் சதுரம். ஒவ்வொரு பொங்கலுக்கும் மேலுக்கு மேல் பச்சை எனாமல் அடித்து அடித்து எருமைத்தோல் கனத்துக்கு ஏறியிருந்தது. யாருக்கும் அது வெறும் பச்சைக் கதவு. ஆனால் காலை வெயில் முற்றத்திலிருந்து சாய்ந்து விழுகிற பத்து நிமிஷத்தில், பச்சைக்கு அடியில் மெல்லிசாய்க் கோடு ஓடுவது இவன் கண்ணுக்குத் தெரிந்தது. நரம்பு மாதிரி. ரெண்டு வருஷமாக அந்தப் பத்து நிமிஷம் அவனைத் தின்றது. என்ன கோடு அது? எவன் போட்டான்? எதற்கு மூடினார்கள்?

இந்த நேரம் பார்த்துத்தான் காசிராஜன் வந்து சேர்ந்தார். பழைய தூண், கதவு, ஊஞ்சல் வாங்கி விற்கிற காரைக்குடி வியாபாரி. கதவைத் தட்டிப் பார்த்து, தேக்கு என்றார். கடற்கரைச் சாலையில் ஒரு ரிசார்ட்டுக்குச் சாப்பாட்டு மேசை வேண்டுமாம். கதவைப் படுக்கப் போட்டு, மேலே கண்ணாடி வைத்து, நாலு கால் அடிப்பாராம். ஞாயிற்றுக்கிழமை வண்டியோடு வருவதாகப் பேசிவிட்டுப் போனார். முப்பிடாதி நேராக ராஜாமணியிடம் போனான். நிற்கிற கதவைப் படுக்கப் போட்டு அதன்மேல் மீன் குழம்பு ஊற்றுவதா!

"யக்கா, குடுத்துராதீய. அந்தப் பச்சைக்குள்ள என்னமோ இருக்கு."

"இன்னா கீது? மரம் கீது."

"இல்லக்கா, படம் இருக்கு. வெளிச்சத்துல சாஞ்சு பாத்தா தெரியுது."

ராஜாமணி சாய்ந்து பார்த்தாள். கழுத்து வலித்ததுதான் மிச்சம். "எனக்கு ஒண்ணும் தெர்ல. ஞாயித்துக்கிழமக்குள்ள கண்ணால காட்டு. காட்னா கதவு இங்கியே இர்க்கட்டும். இல்லேனா வண்டில ஏறும்."

வெள்ளிக்கிழமை ஷிப்டு மூன்றரைக்கு முடிந்தது. பெயிண்ட் கடையில் ஒரு பாட்டில் தின்னர் வாங்கிக்கொண்டு ஓட்டமாக வந்தான். ராஜாமணி ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். இடப்பக்கப் பலகையின் மேல் சதுரத்தில் துணியை நனைத்து ஒற்றினான். பச்சை இளகியது. அதற்கடியில் இன்னொரு பச்சை, அதற்கடியில் நீலம். ஒரு மணி நேரம் ஒற்றி ஒற்றி எடுத்தான். கடைசித் தோல் உரிந்ததும், ஐயோ, உள்ளே கிளி!

கொடியில் உட்கார்ந்த கிளி. பூனை மீசை கனத்துக்கு இழுத்த இறகுக் கோடுகள். காலடியில் மாதுளம்பழம், அதில் முத்து முத்தாகச் சிவப்பு. கழுத்தில் ஆரம். முப்பிடாதி "யம்மாடி!" என்று கத்தியே விட்டான். கேட்க ஆளில்லை. தலையைச் சாய்த்து இன்னும் கிட்டே போனான். கிளியின் கழுத்தோரம் ஒரு வெள்ளைப் பொட்டு. தூசி.

கை போய்விட்டது. தின்னரைத் தொட்டு ஒரே இழுப்பு.

கம்பெனிப் பெயிண்ட் அடுப்பில் வெந்தது, தின்னருக்கு அசையாது. இதுவோ பிசினில் குழைத்து எந்தக் காலத்திலோ எவனோ தீட்டியது. துணியை எடுத்தபோது கிளி துணியில் இருந்தது. பலகையில் ரெண்டு காலும் பாதி மாதுளையும்தான் மிச்சம்.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். யார் பார்த்தது? மிச்சத்தையும் துடைத்துவிட்டு, உள்ளே ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டால் முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை வண்டி வரும், கதவு போய்விடும், இவன் பிழையும் கூடவே போய்விடும். அந்த நினைப்பு வந்தபோதுதான் ராஜாமணி அரிசிப் பையோடு உள்ளே நுழைந்தாள்.

"யக்கா," என்று எழுந்து துணியை நீட்டினான். "கிளி இருந்துச்சுக்கா. நாந்தான் அழிச்சுட்டேன்."

ராஜாமணி துணியையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்தாள். மாதுளை முத்தை விரலால் தொடப் போய், தொடாமல் நிறுத்தினாள். திட்டப் போகிறாள் என்று இவன் காத்துக்கொண்டிருந்தான்.

"கிளி எந்தப் பக்கம் பாத்துகினு இருந்திச்சி?"

"வலப்பக்கம்க்கா. அடுத்த பலகையப் பாத்து."

"அப்போ அந்தாண்ட இன்னா கீது? சும்மாவா பாக்கும்?"

ஞாயிற்றுக்கிழமை காசிராஜன் வண்டியோடும் கயிற்றோடும் வந்து நின்றார். ராஜாமணி கதவுக்குக் குறுக்கே முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். "குடுக்க மாட்டேன். கிளி எத்த பாத்துகினு இருந்திச்சினு தெரியணும்" என்றாள். இந்த ஊர்ப் பொம்பளைகளோடு வியாபாரமே செய்யக்கூடாது என்று அவர் சத்தம் போட்டுவிட்டுக் கிளம்பினார்.

வலப்பக்கப் பலகை அடுப்படிப் பக்கம். ஆவி பட்டுப் பட்டுப் பச்சை கொப்புளித்திருந்தது. ராஜாமணி அதன் மேல் சதுரத்தை ஹேர்பின்னால் நெம்பி, நகத்தால் செதில் செதிலாக எடுத்தாள். தினம் சமையல் முடிந்தபின் அரை மணி நேரம், விரல்கடை அகலம்தான். தின்னர் பாட்டில் அன்றைக்கே சாக்கடைக்குப் போய்விட்டது. முப்பிடாதிக்கு ஒரே சட்டம். "பாரு. கைய பின்னால கட்டிகினு பாரு." நானூறு பம்பர் பார்த்துவிட்டு வந்து, அவன் அப்படியே கைகட்டி நிற்பான்.

மூணு மாசம் கழித்து, பொங்கலுக்கு முந்தின வாரம், கடைசிச் செதில் உதிர்ந்தது. இந்தப் பக்கமும் ஒரு கிளி. வாயைத் திறந்து, இடப்பக்கம் பார்த்து, ஏதோ கேட்கிற பாவனை. எதிரே ரெண்டு காலும் பாதி மாதுளையும்.

முப்பிடாதி ரொம்ப நேரம் பார்த்தான். உள்ளே போய்ப் பெட்டியை எடுத்து வந்தான்.

"நான் ஹாஸ்டலுக்குப் போயிருதேன்க்கா. இத தெனம் பாத்துட்டு என்னால இங்க இருக்க முடியாது."

"எங்க போற? பொட்டிய வையி," என்றாள் ராஜாமணி, அவனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல். "அழிஞ்ச கிளிய பாத்த கண்ணு உலகத்துலயே ரெண்டுதான் கீது. அத்தயும் தூக்கினு கெளம்பிட்டா நான் யார கேப்பேன்? சொல்லு, அதுக்கும் இப்டித்தான் கழுத்துல ஆரம் இருந்திச்சா?"

முப்பிடாதி பெட்டியைக் கீழே வைத்தான். கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"இருந்துச்சுக்கா," என்றான். "ரெண்டு செவப்புக் கோடு. நடுவுல ஒரு மஞ்சப் புள்ளி."