பழுப்புக் கோழிக்கு இருபத்தொரு நாள்

பெரியவளே, சின்னவளே, அப்பா அதிகம் படித்தவன் இல்லை. உயர்நிலைப் பள்ளி இரண்டாம் ஆண்டோடு நின்றுவிட்டேன். பள்ளிப் பேருந்து ஓட்டும் எனக்குத் தமிழில் எழுத எந்த வேலையும் வருவதில்லை. வருகைத் தாளில் பிள்ளைகளின் பேருக்கு நேரே ஒரு கோடு போடுவேன், அவ்வளவுதான். ஆனால் அந்தக் கோழி விஷயத்தில், "ஏன் அன்னைக்கே சொல்லல?" என்று நீங்கள் கேட்டதற்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. "டயர்டா இருந்தேன்" என்றேன். அது பொய் இல்லை. முழுப் பதிலும் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் வளர்ந்தது ஆங் மோ கியோவில், ஒன்பதாவது மாடியில், மூவறை வீட்டில். அங்கே கோழி என்றால் கறியும் மீனும் விற்கும் ஈரச்சந்தையில் தோல் உரித்துத் தொங்குவதுதான். செங்காங் பக்கம் இந்தப் பழைய தரைவீட்டுக்கு நாம் வந்தது உங்கள் மாமாவின் தயவில். அவர் வெளிநாட்டில் இருக்கிறார், வீடு பூட்டிக் கிடக்க வேண்டாமே என்று நம்மை இருக்கச் சொன்னார். பின்னால் ஒரு துண்டு நிலம், ஒரு வாழை, துணி காயப்போடும் கம்பி. நமக்கு அதுவே பெரிய தோட்டம்.

கோழிகள் வந்தது சின்னவளின் பாலர் பள்ளியிலிருந்து. வகுப்பில் முட்டைகளை மின்விளக்குப் பெட்டியில் வைத்துக் குஞ்சு பொரிக்க வைத்தார்கள். சுவரில் ஒரு பெரிய படம் ஒட்டியிருந்தார்கள்: முதல் நாள், ஏழாம் நாள், இருபத்தொன்றாம் நாள். பொரித்தது ஆறு. அடுத்த வாரமே ஆசிரியை என் பேருந்து சன்னலருகே வந்து நின்றார். "அங்கிள், உங்க வீட்ல கார்டன் இருக்குல்ல?" என்றார். பின் இருக்கையில் சின்னவள் ஏற்கெனவே கைதட்டிக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு என் நாளில் இருந்த ஒரே ஓய்வும் போனது. நாலரைக்கு எழுந்து முதலில் கூண்டுக்குத் தண்ணீர் மாற்றுவேன். காகமும் உடும்பும் வராமல் இருக்க வலை போட்டோம். மழை பெய்தால் வலையின் ஒரு பக்கம் தொங்கிவிடும், அதைக் கட்ட வேண்டும். தொடக்கப்பள்ளி ஓட்டம், பாலர் பள்ளி ஓட்டம் முடித்து ஒன்பதரைக்கு வீட்டுக்கு வந்தால் முன்பெல்லாம் இரண்டு மணி நேரம் தூங்குவேன். இப்போது அந்த நேரத்தில் எச்சம் வழிப்பேன். அம்மா தேக்கா சந்தையில் காய்கறிக் கடையில் நின்றுவிட்டு வருபவள். வரும்போது கடையில் கழித்த கீரையை ஒரு பை நிறையக் கொண்டுவருவாள். "பிள்ளைங்களுக்கு இல்ல, உங்க புதுப் பொண்டாட்டிங்களுக்கு" என்று பையை என் மடியில் போடுவாள்.

ஆறில் இரண்டு சேவல். கூவ ஆரம்பித்தபோது எனக்குத் தெரியவே இல்லை, ஏனென்றால் அவை கூவும் நேரம் நான் விழித்திருக்கும் நேரம். பக்கத்து வீட்டு அங்கிள்தான் வந்து சொன்னார், கோபமில்லாமல். அவருடைய அம்மாவுக்கு வயதாகிவிட்டது, தூக்கம் இல்லை. கேட்கவே சங்கடமாக இருந்தது. கிராஞ்சிப் பக்கம் ஒரு செடிப் பண்ணையில் காவலுக்கு இருக்கும் தமிழர் ஒருவரிடம் இரண்டையும் கொண்டுபோய் விட்டேன். "பண்ணையில சந்தோஷமா ஓடிக்கிட்டு இருக்கு" என்று உங்களிடம் சொன்னேன். கோழிகள் நான்கும் அப்போது முட்டையிடத் தொடங்கவில்லை.

பிறகு முட்டை வந்தது. சில மாதம் நன்றாகவே போனது. ஒரு சனிக்கிழமை பழுப்புக் கோழி, முட்டையிட வைத்திருந்த கூடையை விட்டு எழுந்திருக்கவில்லை. கையை நீட்டினால் உடம்பை ஊதிக்கொண்டு உறுமியது. அதன் கீழே ஐந்து முட்டை. நான் அன்று தொழிலாளர்களை ஏற்றி இறக்கும் ஓட்டம் முடித்து அப்போதுதான் வந்து படியில் உட்கார்ந்திருந்தேன். கணுக்கால் வீங்கி, காலணியைக் கழற்றவே முடியவில்லை.

"அப்பா, இது அடையா உட்காந்திருக்கு. நெட்ல பாத்தேன். குஞ்சு வருமா பா?" என்றாள் பெரியவள்.

"வரும் வரும்."

"எத்தனை நாள்ல?"

பாலர் பள்ளிச் சுவரில் இருந்த படம்தான் என் கண்முன் வந்தது. "இருபத்தொரு நாள்" என்றேன்.

அவள் உள்ளே ஓடி, மளிகைக் கடையில் கொடுத்த நாள்காட்டியில் எண்ணிப் பார்த்து, ஒரு வெள்ளிக்கிழமையைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டாள்.

நம்புங்கள், அன்று நான் பொய் சொல்லவில்லை. முட்டை இருக்கிறது, கோழி உட்கார்ந்திருக்கிறது, குஞ்சு வரும் என்றுதான் நினைத்தேன். இரண்டு பிள்ளை பெற்றவனுக்கு இது தெரியாதா என்று யாரும் கேட்கலாம். தெரியும். ஆனால் சேவலை நான் வெறும் சத்தமாகத்தான் நினைத்திருந்தேன். சத்தம் போனதும் அதன் ஞாபகமும் போய்விட்டது.

ஆறாம் நாள், வியாழக்கிழமை, எனக்கு அது உறைத்தது. பின்பக்க வீட்டை இடித்துப் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள் அல்லவா, அங்கே வேலை செய்த புதுக்கோட்டைக்காரர் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பத்து மணி தேநீர் நேரத்தில் தகரத் தடுப்பின் இடைவெளி வழியாக என்னோடு பேசுவார். அன்று கூண்டை எட்டிப் பார்த்தார்.

"அண்ணே, அடைக்கு வச்சிருக்கீங்களா?"

"ஆமாங்க. இன்னும் ரெண்டு வாரம்தான்."

அவர் கூண்டை ஒரு சுற்றுப் பார்த்தார். மறுபடி பார்த்தார். "சேவல் எங்கண்ணே?"

நானும் கூண்டைத் திரும்பிப் பார்த்தேன். அவர் பிளாஸ்டிக் பையிலிருந்த தேநீரைக் குழலால் உறிஞ்சுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார். அடக்கப் பார்த்தும் முடியாமல் தகரத்தில் தலையை முட்டிக்கொண்டு சிரித்தார். "மன்னிச்சுக்கங்கண்ணே. இது கூமுட்டையாத்தாண்ணே போகும்." பிறகு சிரிப்பு போய், "எறக்கி விட்ருங்கண்ணே. அது பாட்டுக்குத் திங்காமக் கெடக்கும். ஏற்கெனவே மெலிஞ்சிருக்கு" என்றார்.

அன்று மாலையே உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லலாம் என்றுதான் வீட்டுக்குள் வந்தேன். பெரியவள் ஒரு காலணிப் பெட்டியில் பழைய துண்டை விரித்து, சின்னவளுக்கு, "இது குஞ்சுங்க ரூம், நீ கை வைக்கக் கூடாது" என்று பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். சொன்னால் அழுகை வரும். அழுகை வந்தால் சமாதானம் செய்ய வேண்டும், கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். எனக்கு அந்த அரை மணி நேரத்துக்குத் தெம்பு இல்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று படுத்துவிட்டேன். முழுப் பதில் இதுதான். ஒவ்வொரு நாளும் அந்த அரை மணி நேரத்தை நான் அடுத்த நாளுக்குத் தள்ளினேன். கோழி தன் உடம்பிலிருந்து அதற்கு ஈடு கொடுத்தது.

பெரியவள் பேருந்தில் எல்லாரிடமும் சொல்லியிருந்தாள். காலையில் பிள்ளைகள் ஏறும்போதே ஆரம்பித்துவிடுவார்கள். "அங்கிள், நைன் மோர் டேஸ்!" மறுநாள், "எயிட் மோர் டேஸ்!" ஒரு சீனப் பையன் குஞ்சுக்கு மூன்று பேர் எழுதிக்கொண்டு வந்து, எது நல்லது என்று என்னிடம் கேட்டான். நான் கண்ணாடியில் பார்த்துத் தலையாட்டினேன். சிவப்பு விளக்கு சீக்கிரம் பச்சையாகட்டும் என்று இருந்தது.

பதினைந்தாம் நாள் சனிக்கிழமை, ஓட்டம் முடிந்ததும் கிராஞ்சிக்குப் போனேன். எங்காவது புதிதாகப் பொரித்த குஞ்சு இரண்டு கிடைத்தால் கோழிக்கு அடியில் வைத்துவிடலாம், யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. இல்லாவிட்டால் ஒரு சேவலையாவது சில நாளுக்குத் திருப்பிக் கேட்கலாம், அடுத்த முறைக்கு ஆகும் என்று கணக்குப் போட்டேன்.

பண்ணைக் காவலர் என்னை நன்றாக ஞாபகம் வைத்திருந்தார். நாற்காலி எல்லாம் போட்டார்.

"சேவலா? அது குழம்பாகி எத்தனை மாசம் ஆச்சு லா! கறி கொஞ்சம் கெட்டிதான். ஆனா ருசி, சும்மா சொல்லக் கூடாது."

"ரெண்டுமா?"

"ஒண்ண மட்டும் வச்சிக்கிட்டு என்ன செய்ய? எனக்கும்தான் தூக்கம் வேணும்."

அவர்மேல் என்ன கோபம்? கொண்டுபோய்க் கொடுக்கும்போதே எனக்கு அது தெரியாதா? தெரிந்துகொள்ள வேண்டாம் என்று கொடுத்துவிட்டு வந்தேன். குஞ்சு பற்றிக் கேட்டதற்கு, "இங்க எங்கங்க குஞ்சு? போய்ப் பிள்ளைங்ககிட்ட உண்மைய சொல்லுங்க, ஒண்ணும் செத்துர மாட்டாங்க" என்று காப்பியை நீட்டினார்.

மறுநாள் ஞாயிறு. பழுப்புக் கோழி தண்ணீர் குடிக்கக் கூடையிலிருந்து இறங்கியது. இரண்டடி வைத்ததும் கால் மடங்கி மண்ணில் உட்கார்ந்துவிட்டது. சிவப்பாக இருந்த கொண்டை வெளுத்து ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. கையில் தூக்கினேன். இறகு மட்டும்தான் இருந்தது, நெஞ்செலும்பு என் விரலில் குத்தியது. பெரியவள் பக்கத்தில் நின்றாள்.

"இன்னும் அஞ்சு நாள்தானே பா. தாங்கிடும்ல?"

அதற்கு மேல் தள்ளிப்போட முடியவில்லை. "குஞ்சு வராதும்மா" என்றேன்.

"ஏன்?"

"சேவல் இல்லாம வராது."

அவள் யோசித்தாள். "அப்போ சேவலத் திரும்பக் கூட்டிட்டு வாங்க. பண்ணையில தானே இருக்கு?"

ஒன்றைச் சொன்னால் போதும் என்று நினைத்திருந்தேன். அதன் பின்னாலேயே மற்றது நின்றது. அதையும் சொன்னேன். நேற்று அங்கே போனதையும், எனக்கு இது வியாழக்கிழமையிலிருந்து தெரியும் என்பதையும் சொன்னேன்.

"இந்த வியாழக்கிழமையா?"

"இல்லம்மா, அதுக்கு முந்தின வியாழன்."

அவள் அழவில்லை. விரல்விட்டு எண்ணினாள். "பத்து நாள்" என்றாள். "பத்து நாளா அது சாப்பிடாம இருந்துச்சு. நீங்க பாத்துக்கிட்டே இருந்தீங்க." சின்னவள்தான் வீடே அதிர அழுதாள். அம்மா சமையலறையிலிருந்து வந்து என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி உள்ளே போனாள். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும்.

"இப்ப என்ன செய்யணும்?" என்று பெரியவள் கேட்டாள். "கேட்டுச் சொல்லுங்க. உங்களுக்குத் தெரியாது."

புதுக்கோட்டைக்காரருக்கு வீடியோவில் போன் போட்டேன். தேக்காவில் திடலில் நண்பர்களோடு உட்கார்ந்திருந்தார். பின்னால் ஒரே இரைச்சல். "இருங்கண்ணே, வீட்டுக்காரிய சேத்து விடுறேன். கோழி டாக்டரு அவதான்." திரையில் இன்னொரு முகம் வந்தது. ஊரில் ஏதோ கிணற்றடியில் நின்றுகொண்டிருந்தார் அந்த அம்மா.

"பாப்பா, கோழியத் தூக்கிக் காட்டு. அடியே, இப்படியா வத்த விடுவாங்க? முட்டைய மொதல்ல எடுத்துரு. ஒரு வாளித் தண்ணில வயிறு மட்டும் முங்குற மாதிரி வையி. அடிவயித்துச் சூடு எறங்குனாத்தான் அடை தெளியும். அதுக்கும் தெளியலன்னா அதோட எறக ஒண்ணு எடுத்து மூக்குல கோத்து விட்ரு."

"மூக்குல எல்லாம் முடியாது ஆன்ட்டி."

"வேணாம்னா விடு. கூடைய ஒளிச்சு வச்சிரு. வெறுந்தரையில விடு. கம்பும் அரிசியும் கையில வச்சி ஊட்டு. பாப்பா, ஒங்க அப்பா ஏன் தூங்குற மாதிரியே நிக்கிறாரு?"

திடலில் இருந்த நாலு பேரும் சிரித்தது கேட்டது. பெரியவள் சிரிக்கவில்லை. வாளியை அவளே நிரப்பினாள். கோழியை நான் பிடிக்க வந்தபோது, "நீங்க போங்க பா" என்றாள். பழுப்புக் கோழி தண்ணீரில் கழுத்தை நீட்டிக்கொண்டு, சண்டை போடக்கூடத் தெம்பில்லாமல் இருந்தது. ஐந்து முட்டையையும் நான் வாழைக்கு அடியில் குழி தோண்டிப் புதைத்தேன். ஒன்று உடைந்தது. அந்த நாற்றம் அன்று முழுவதும் கையில் இருந்தது.

இரவுச் சாப்பாட்டின்போது அவள் ஒன்றே ஒன்று சொன்னாள். "பஸ்ல நான் சொல்ல மாட்டேன். நீங்கதான் சொல்லணும்."

திங்கட்கிழமை பள்ளி வாசலில் நிறுத்தியதும் கதவைத் திறக்காமல் எழுந்து நின்றேன். என் ஆங்கிலம் உங்களுக்குத் தெரியும். குஞ்சு வராது, சேவல் வேண்டும் என்பது அங்கிளுக்குத் தெரியவில்லை, தெரிந்த பிறகும் அங்கிள் சொல்லவில்லை, மன்னியுங்கள் என்றேன். பேருந்தே சிரித்தது. பேர் எழுதிக் கொண்டுவந்த பையன் மட்டும் சிரிக்காமல் கேட்டான்: "அங்கிள், யூ நெவர் கோ ஸ்கூல் ஆ?"

"கொஞ்சம்தான் போனேன்" என்று சொல்லிக் கதவைத் திறந்தேன். பெரியவள் எல்லாருக்கும் கடைசியில் இறங்கினாள். என்னைப் பார்க்காமல்தான் இறங்கினாள்.

மூன்று நாள் வாளி வைத்தாள். வியாழக்கிழமை கோழி தானாக நடந்துபோய் அம்மா கொண்டுவந்த கீரையைக் கொத்தியது. சிவப்பு வட்டம் போட்ட வெள்ளிக்கிழமை வந்தது, போனது. நாள்காட்டித் தாளை யாரோ கிழித்துப் போட்டிருந்தார்கள். அடுத்த வாரம் பெரியவள் என்னோடு பழையபடி பேச ஆரம்பித்தாள். ஏறக்குறைய பழையபடி.

இதை இன்று எழுத ஒரு காரணம் உண்டு. காலையில் ஒன்பதரைக்கு நான் வந்தபோது பழுப்புக் கோழி மறுபடியும் கூடையில் உடம்பை ஊதிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கீழே இரண்டு முட்டை. பள்ளி விட்டு வந்ததும் பெரியவள் அதைப் பார்த்தாள். நான் படியில் உட்கார்ந்திருந்தேன். கேட்டால் இந்த முறை உடனே சொல்லிவிடுவது என்று, காலணியைக்கூடக் கழற்றாமல் காத்திருந்தேன்.

அவள் கேட்கவில்லை. முட்டை இரண்டையும் எடுத்து அம்மாவிடம் கொடுத்துவிட்டு, வாளியைக் குழாயடியில் வைத்துத் தண்ணீரைத் திறந்தாள்.