சுத்துக்கேணிக்கு நான் கொடுத்த தப்பான சிமுலேட்டர்

மூலக்குளத்தில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யும் கடையைப் பதினெட்டு வருடமாக நடத்துகிறேன். வேலை கற்றுக்கொள்ள வருகிற பெண்கள் ரேம், கார்டு, பவர் சப்ளை பற்றியெல்லாம் என்னிடம் கேட்பார்கள். தெரிந்ததைச் சொல்லித்தருவேன். இது யாரும் கேட்காதது. எல்லாம் சரியாகப் பூட்டி, ஒரு கோளாறும் இல்லாமல் ஓடி, ஆனாலும் நான் தப்பாகக் கொடுத்த ஒரு மெஷினைப் பற்றி.

1. இரண்டில் ஒன்று

பொங்கல் கழிந்த வாரம் சுத்துக்கேணியிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். ராமலிங்கத்துக்கு நாற்பத்தாறு வயது. விமானப்படையில் இருபது வருடம் என்ஜின் ஃபிட்டராக இருந்துவிட்டு, ஊருக்குத் திரும்பிக் கரும்பு வைத்திருந்தார். மனைவி தனலட்சுமி வீட்டிலேயே தையல் வேலை செய்பவர். ராமலிங்கத்தின் வலது கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே சதை வற்றிக் குழி விழுந்திருந்தது. நான் அதைக் கவனிப்பதைப் பார்த்துத் தனலட்சுமியே சொன்னார்.

"நரம்பு சாவுற வியாதிக்கா. மொதல்ல கை போவும், அப்புறம் பேச்சு, அப்புறம் மூச்சுன்னு டாக்டரு சொல்லிட்டாரு. மருந்து இல்லியாம்."

ராமலிங்கம் குறுக்கிட்டார். "போர் விமானம் சிமுலேட்டர் வோணும் மேடம். நான் வேல பாத்த ரஷ்யா ஜெட்டு அதுல இருக்கணும்" என்றார்.

கம்ப்யூட்டரிலேயே விமானம் ஓட்டிப் பார்க்க வைக்கும் சிமுலேட்டர்களில், அந்த விமானம் இருப்பவை எனக்குத் தெரிந்து இரண்டு. ஒன்று லேசானது. சாதாரண மெஷினிலேயே ஓடும். ஒரு பட்டனை அழுத்தினால் வானத்தில் இருப்போம். சுடலாம், திரும்பலாம், பத்துப் பதினைந்து கீ தெரிந்தால் போதும். இன்னொன்று கனமானது. 32 ஜிபி ரேம், நல்ல கிராபிக்ஸ் கார்டு, பெரிய எஸ்எஸ்டி எல்லாம் கேட்கும். அதில் விமானி உட்காரும் காக்பிட்டில் உள்ள ஒவ்வொரு சுவிட்சும் நிஜ விமானத்தில் இருப்பது போலவே வேலை செய்யும். பேட்டரியில் தொடங்கி வரிசையாகப் போட்டுக்கொண்டே வந்தால்தான் என்ஜின் கிளம்பும். வரிசை தப்பினால் கிளம்பாது.

அவர் கையைப் பார்த்தேன். முடிவு செய்துவிட்டேன். லேசானதைக் கடை மெஷினில் போட்டுக் காட்டினேன்.

அவர் ஒன்றே ஒன்று கேட்டார். "இதுல என்ஜின் ஸ்டார்ட் பண்ற வேல இருக்கா மேடம்?"

"அந்தத் தொல்லையே இல்ல சார். நேரா மேல போயிடலாம்."

சரி என்று தலையாட்டினார். மறுநாளே மெஷினை அனுப்பினேன். அவர் கைக்குக் கஷ்டமாக இருக்கக் கூடாது என்று ஜாய்ஸ்டிக்கைக் கழற்றி, ஸ்பிரிங்கைத் தளர்த்திக்கூடக் கொடுத்தேன். நல்ல வேலை செய்ததாக நினைத்துக்கொண்டேன்.

2. மூடி வைத்த மெஷின்

சித்திரையில் தனலட்சுமி மட்டும் கடைக்கு வந்தார்.

"அக்கா, அத அவரு தொடவே மாட்றாரு."

"ஏன், ஓடலையா?"

"ஓடுது. நாலு நாள் பாத்தாரு. அப்புறம் துணி போட்டு மூடச் சொல்லிட்டாரு. இன்னாங்கன்னு கேட்டா, 'மேல போயி நான் இன்னா பண்றது, எனக்குக் கீழதான் வேல'ன்றாரு. எனக்கு ஒண்ணும் புரியல. ஒங்களுக்கு எதுனா புரியுதா?"

எனக்கும் புரியவில்லை. அங்கிருந்தே அவருக்குப் போன் போட்டேன். குரல் கொஞ்சம் தடித்திருந்தது.

"என்ஜின் மாத்துனா கிரவுண்ட் ரன் எடுக்கணும் மேடம். உருளாம இருக்க வீலுக்குக் கட்ட குடுத்து, உள்ள ஏறி ஒக்காந்து ஸ்டார்ட் பண்ணணும். டெம்பரேச்சர் பாக்கணும், ஆர்பிஎம் பாக்கணும். சரியா இருந்தா ஆஃப் பண்ணிட்டு எறங்கி, கையெழுத்துப் போட்டுப் பைலட்டுகிட்ட குடுக்கணும். அதுதான் என் வேல. நான் ஒரு நாளும் பறந்தது இல்ல."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே சார்."

"கேட்டனே."

வேறு சிமுலேட்டர் போட்டுத் தருகிறேன் என்று தனலட்சுமியின் முகத்தைப் பார்க்காமலே சொன்னேன்.

கனமான சிமுலேட்டருக்கு மெஷினை மாற்ற வேண்டியிருந்தது. கிராபிக்ஸ் கார்டு எங்கும் கிடைக்கவில்லை. ஒரு மாதம் போயிற்று. வந்த கார்டுக்குப் பழைய பவர் சப்ளை பத்தவில்லை. அதற்கு மேலும் பத்து நாள். சுத்துக்கேணி நெட்டில் அவ்வளவு பெரிய ஃபைல் இறங்காது என்பதால் கடையிலேயே இறக்கினேன். அது இரண்டு தடவை பாதியில் நின்றது. எந்தக் கடையிலும் நடக்கிற தாமதம்தான். ஆனால் அந்த வீட்டில் நாள்கள் வேறு மாதிரி போய்க்கொண்டிருந்தன.

3. கிரவுண்ட் ரன்

ஆனி மாதம் நானே மெஷினை எடுத்துக்கொண்டு போனேன். ராமலிங்கம் தலையணைகளுக்கு நடுவே நாற்காலியில் இருந்தார். இரண்டு கையும் மடியில் கிடந்தன. மானிட்டரில் காக்பிட் வந்ததும் முன்னால் சாய்ந்தார். வலது கையைத் தனலட்சுமி தூக்கி மவுஸ் மேல் வைத்தார். மவுஸ் நகர்ந்தது. சொடுக்க விரல் இறங்கவில்லை. மூன்று தடவை முயன்று பார்த்தார். பிறகு, "எடுத்துடு" என்றார்.

தனலட்சுமி ஸ்டூலை இழுத்துப்போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். "சொல்லுங்க. நான் போடறன்."

"ஒனக்கு இன்னா தெரியும்?"

"தையல் மிஷின் தெரியும். சொல்லுங்க."

சுவிட்சுகளின் பெயர் ரஷ்ய எழுத்தில் இருந்தது. "வலப்பக்கம். கீழ் வரிச. மொதல் சுவிட்சு." ஒவ்வொரு சொல்லும் குழறி வந்தது. எனக்குப் பாதி புரியவில்லை. தனலட்சுமிக்குப் புரிந்தது. முதல் தடவை என்ஜின் கிளம்பாமல் அடங்கியது. இரண்டாவது தடவையும். மூன்றாவதில் சத்தம் எழுந்து, ஆர்பிஎம் முள் ஏறியது.

ராமலிங்கம் திரையைப் பார்க்கவில்லை. தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். "சத்தம் சரியா இருக்கு" என்றார். கொஞ்ச நேரம் ஓடவிட்டு, "ஆஃப் பண்ணு" என்றார். ஒவ்வொன்றாக அணைக்கச் சொன்னார்.

நான் கிளம்பும்போது கூப்பிட்டார். அவர் குரலில் கோபம் இல்லை.

"பொங்கலப்ப கை இருந்திச்சி மேடம்."

மன்னிப்புக் கேட்காமலே வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஒன்றரை மாதம் தினமும் காலையில் அவர் சொல்லச் சொல்ல அந்த என்ஜினை ஓட்டியதாகத் தனலட்சுமி போனில் சொன்னார். அவர் பேச்சு நின்றபிறகு தனலட்சுமியே வரிசையாகப் போடுவாராம். தப்பு செய்தால் ராமலிங்கம் கண்ணை மூடிக்கொள்வாராம். ஐப்பசி மழைக்காலத்தில் அவர் மூச்சுத் திணறி இறந்துபோனார்.

காரியம் முடிந்து சில நாள் கழித்துத் தனலட்சுமி கூப்பிட்டார். "அத எடுத்துக்குனு போயிடுங்கக்கா. அந்தச் சத்தத்த இனிமே என்னால கேக்க முடியாது." போய் எடுத்து வந்தேன்.

அந்த மெஷினை நான் விற்கவில்லை. இரண்டு சிமுலேட்டரையும் அதில் போட்டுக் கடையில் வைத்திருக்கிறேன். யார் வந்து எது நல்லது என்று கேட்டாலும், மெஷின் முன்னால் உட்கார்ந்ததும் முதலில் என்ன செய்ய ஆசைப்படுகிறீர்கள் என்று கேட்கிறேன். உடம்பு முடியாதவர் என்றால் அவரையேதான் கேட்கிறேன். பிறகு இரண்டையும் திறந்துவிட்டு எழுந்து போய்விடுகிறேன். இந்தத் தொழிலில் ரேமையும் கார்டையும் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு வருடம் போதுமானதாக இருந்தது. வாயை மூடிக்கொண்டு காது கொடுக்கக் கற்றுக்கொள்வதற்குள் ஒரு மனிதருடைய கை போய்விட்டது.