வேன் கிளம்பாத முற்பகல்

என் வேனில் ஸ்டீரியோவையும், சத்தத்தைக் கூட்டும் ஆம்ப்ளிஃபயரையும் நானேதான் மாட்டினேன். எலெக்ட்ரீஷியனிடம் விட்டால் ஒரு நாள் ஓட்டம் போய்விடும் என்று, போனில் ஒரு வீடியோவைப் பார்த்துக்கொண்டே வேலையை முடித்தேன். மஞ்சள் வயரை நேராகப் பேட்டரிக்குக் கொடுக்க வேண்டும், சிவப்பு வயரைச் சாவி திருப்பினால் மட்டும் கரண்ட் வரும் இடத்தில் கொடுக்க வேண்டும் என்று அதில் தெளிவாகத்தான் சொன்னார்கள். ஆனால் எனக்குச் சாவி போடாமலே பாட்டு வேண்டியிருந்தது. இரண்டையும் சேர்த்து முறுக்கிப் பேட்டரியிலேயே கொடுத்தேன். ஸ்டீரியோவோடு சேர்ந்து ஆம்ப்ளிஃபயரும் அணைய வேண்டும் என்பதற்காக ஒரு நீல வயர் இருக்கிறது. அதையும் அதே முறுக்கில் சேர்த்துவிட்டேன். பாட்டு வந்தது. அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை.

எங்கள் ஊரிலும் பக்கத்து ஊர்களிலும் சங்கு குளிக்கப் போகிறவர்கள் ஏழு பேரை விடியற்காலையில் கடற்கரையில் இறக்கிவிட்டு, மத்தியானம் திரும்ப ஏற்றி வருவது என் வேலை. நடுவில் நான்கைந்து மணி நேரம் சும்மா இருக்க வேண்டும். அந்த ஏழு பேரில் ஒருவன் என் மனைவியின் தம்பி.

அந்தத் திங்கட்கிழமை காலையில் சாவியைத் திருப்பியபோதே வேன் முனகியது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க நின்ற வண்டிதானே என்று விட்டுவிட்டேன். வள்ளம் கடலுக்குள் போனதும் பாட்டைப் போட்டு, சீட்டைச் சாய்த்துப் படுத்தேன். பத்தரை மணி இருக்கும். பாட்டு கரகரத்துத் தானாகவே நின்றது. எழுந்து பார்த்தால் வள்ளம் நேரத்துக்கு முன்னாலேயே கரைக்கு வந்துகொண்டிருந்தது. வள்ளத்துக்காரர் நின்றபடி துண்டை ஆட்டிக் கூப்பிட்டார்.

என் மச்சினனை நான்கு பேர் தூக்கி வந்தார்கள். கடலுக்கு அடியில், வள்ளத்து மெஷினிலிருந்து மூச்சுக்குக் காற்று வரும் குழாய் மடங்கிவிட்டதாம். மூச்சு முட்டி, நிதானிக்காமல் ஒரே மூச்சில் மேலே வந்திருக்கிறான். வள்ளத்தில் ஏறிக் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தவன், பிறகு எழுந்து நிற்க முடியாமல் விழுந்துவிட்டான்.

“என்ன மாப்ள செய்யுது?” என்றேன்.

“இடுப்புக்குக் கீழ கால் இருக்கான்னே தெரியல அத்தான். சீக்கிரம் போங்க.”

அவனைப் பின் சீட்டில் கிடத்திவிட்டுச் சாவியைத் திருப்பினேன். டக் என்று ஒரு சத்தம். மறுபடி திருப்பினேன். அந்தச் சத்தமும் இல்லை.

எல்லோரும் சேர்ந்து தள்ளினார்கள். மணலில் சக்கரம் புதைந்ததுதான் மிச்சம். ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டோம். வேறு விபத்துக்குப் போயிருக்கிறது, ஒரு மணி நேரத்துக்கு மேலாகும் என்றார்கள். மீன் ஏற்ற வந்த லோடு ஆட்டோ அப்போதுதான் போயிருந்தது. மற்றபடி அங்கே நின்றவை பைக்குகள். உட்காரவே முடியாதவனை பைக்கில் எப்படி ஏற்றுவது? நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, கிளம்பாது என்று தெரிந்தே சாவியைத் திருப்பிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து அவன், “அத்தான், மரத்துப்போறது வயித்துக்கும் ஏறுது” என்றான். மாதா, மாதா என்று என் வாய் முணுமுணுத்தது. இவன் அக்காவிடம் போய் என்ன சொல்வேன் என்பதைத் தவிர வேறு எதுவும் தலைக்குள் இல்லை.

வள்ளத்துக்காரர்தான் என் தோளைப் பிடித்து உலுக்கினார். “ஏலே, சாவிய விடு. வள்ளத்துல பேட்டரி கெடக்குல்லா. அதக் கழட்டி இங்கன மாட்டுவோம்.”

இரண்டு பேர் ஓடிப்போய் அதைக் கழற்றித் தண்ணீரில் நனையாமல் தலைக்கு மேல் தூக்கி வந்தார்கள். ஸ்பேனர் என் கையில் நிற்கவில்லை. வள்ளத்துக்காரரே வாங்கி முடுக்கினார். அது வேனின் பேட்டரிக் கூட்டில் அடங்காத அளவு பெரியது. ஒருவன் அதை இரண்டு கைகளாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தான். வண்டி உறுமியபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. மணலிலிருந்து தள்ளி ஏற்றினார்கள். உப்பளத்து ரோட்டில் எங்கும் நிறுத்தவில்லை. ஆஸ்பத்திரி வாசலிலும் இன்ஜினை அணைக்கப் பயந்து, ஓட விட்டபடியே அவனைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

கரையில் ஐம்பது நிமிடம் போயிருந்தது. ஆக்சிஜன் வைத்தார்கள். வேகமாக மேலே வந்ததில் ரத்தத்தில் காற்றுக் குமிழ் அடைத்திருக்கிறது, இதில் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம், இன்னும் முன்னால் கொண்டுவந்திருக்கலாம் என்றார் டாக்டர். வண்டி மக்கர் செய்துவிட்டது என்று சொல்லிவிட்டுத் தலையைத் தாழ்த்திக்கொண்டேன். மனைவியிடமும் அதையேதான் சொன்னேன்.

மறுநாள் வேனை எலெக்ட்ரீஷியனிடம் கொண்டுபோனேன். டேஷ்போர்டுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு அவர் நிமிர்ந்தார்.

“யாரு பாத்த வேலை இது?”

“நான்தான் அண்ணாச்சி.”

“பாட்ட அமத்துனா போதுமா? ஆம்பு ராவும் பகலும் முழிச்சிக்கிட்டுல்லா இருந்திருக்கு. கொஞ்சங் கொஞ்சமா உறிஞ்சிருச்சி. மிச்சத்த நீ பாட்டுப் போட்டே தீத்துட்ட.”

முறுக்கைப் பிரித்தார். சிவப்பைச் சாவி லைனில் கொடுத்தார். நீலத்தை ஸ்டீரியோவின் நீல வயரோடு சேர்த்தார். மஞ்சளை மட்டும் பேட்டரியில் விட்டு, பக்கத்திலேயே ஒரு ஃபியூஸ் வைத்தார். அவ்வளவுதான். அரை மணி நேர வேலை.

மச்சினன் பிழைத்தான். இரண்டு மாதத்தில் கம்பு ஊன்றி நடந்தான். இடது கால் இன்றும் இழுத்துக்கொண்டுதான் வருகிறது. அவன் கடலுக்குள் இறங்குவதில்லை, குடோனில் சங்கு தரம் பிரிக்கிறான். ஒரு நாள் அங்கே போய் எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று வயர்களையும் எப்படி முறுக்கினேன் என்பதுவரை சொன்னேன். கையிலிருந்த சங்கைக் கீழே வைத்தான்.

“அக்காட்ட சொல்லிட்டியளா?”

“இல்ல மாப்ள.”

“மொதல்ல அவகிட்ட சொல்லுங்க.”

அன்று சாயங்காலமே சொன்னேன். அதன்பின் ஒரு வாரம் அவள் என் வேனில் ஏறாமல், தம்பி வீட்டுக்கு பஸ்ஸில்தான் போய்வந்தாள்.