அம்மா இறங்காத ஜீப்

போன மாதம் அம்மா இறந்தாள். பெயர் பேச்சியம்மா. இலங்கை மலையகத்தில், கொட்டகலைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவள். அவள் எப்படிப்பட்டவள் என்று யாராவது கேட்டால், நான் ஒரு காலையைத்தான் சொல்வேன்.

1961, பொங்கலுக்கு மறுநாள். அப்பா கந்தப்பன், அதே தோட்டத்து லொறி டிரைவர். பசார்க் கடை முதலாளியின் பழைய ஜீப்பைக் கேட்டு வாங்கி வந்திருந்தார். பட்டிப்பொலைக்கு மேலே காட்டுப் பாதையில், மலை உச்சியில் இருக்கும் புல் சமவெளியைப் பார்க்கப் போனோம். தொழில்நுட்பக் கல்லூரியிலிருந்து விடுமுறையில் வந்திருந்த நானும், தங்கை யோகேஸ்வரியும், அம்மாவும் பின்னால் இருந்தோம்.

ஒரு வளைவில், ஈரச் சருகுக்கு அடியில் மண் சரிந்தது. வலப்பக்க முன்சக்கரம் பள்ளத்தின் மேல் தொங்கியது. அப்பா இருந்ததும் அந்தப் பக்கம்தான். ஹேண்ட்பிரேக் பிடிக்காத வண்டி. பிரேக்கிலிருந்து காலை எடுக்க முடியாது.

நானும் தங்கையும் இடப்பக்கமாகக் குதித்தோம். வண்டி இன்னும் சாய்ந்தது. அம்மா குதிக்கவில்லை. இடப்பக்க விளிம்பில் உட்கார்ந்து, கம்பியைப் பிடித்தபடி, உடம்பை மலைப்பக்கமாக வெளியே சாய்த்தாள். சாய்வு நின்றது.

"பேச்சி, எறங்கு!"

"நான் எறங்குனா வண்டி ஒங்களோட உருண்டுரும்."

"சொன்னா கேக்க மாட்டியா?"

"காலைப் பெரட்டுல வேல பிரிக்கையில தொர சொல்லியே கேட்டதில்ல. நீங்க என்ன?"

"நான் ஏறுறேம்மா, நீ எறங்கு," என்றேன்.

"ஒன்னைய காத்தே தூக்கிட்டுப் போயிரும். போய் கயித்தக் கட்டு. ஒங்கப்பா என்னைய குண்டச்சின்னு கேலி பண்ணுனாருல்ல, இன்னைக்கு நல்லாப் பாத்துக்கட்டும்."

அப்பா சிரித்தார். பிரேக்கை இன்னும் அழுத்தி மிதித்தார்.

வண்டியில் கிடந்த வடத்தைப் பின்கொக்கியில் மாட்டி, மேட்டில் நின்ற பெரிய மரத்தைச் சுற்றி இழுத்துப் பிடித்தேன். பின்சக்கரங்களுக்கு முன்னால் தங்கை கல் வைத்தாள். அப்பா நான்கு சக்கரங்களுக்கும் விசை கொடுத்து ரிவர்ஸ் போட்டார். வண்டி அங்குலம் அங்குலமாகப் பின்வாங்கியது. நான் வடத்தின் தொய்வைச் சுற்றிக்கொண்டே வந்தேன். நாலாவது சக்கரமும் பாதையைத் தொடும் வரை அம்மா சாய்ந்தபடியே இருந்தாள்.

அப்பா இறங்கிப் பாதை நடுவிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"வீட்டுக்குப் போயிருவோம் பேச்சி."

"எதுக்கு? சமவெளி பாக்கத்தான வந்தோம்? எந்திரிங்க."

அம்மா முன்சீட்டில் ஏறி அமர்ந்தாள். அப்பா எழுந்து வந்து வண்டியை எடுத்தார். மேல்நோக்கித்தான்.